குளத்து நாட்குறிப்பு: இலை மேல் படிந்த பாசி

ஜூன் 6

தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. கரையில் நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியின் நீண்ட இலை ஒன்றை விரலிடுக்கில் பிடித்து இழுத்தால், பழுப்பாகக் கொழகொழவென்று ஒன்று கையோடு வருகிறது. வழித்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சை. இளம் இலைகளில் இந்தப் பூச்சு மெல்லியது. முதிர்ந்த இலைகளின் நுனியிலோ கம்பளம் போர்த்தியது போலத் தடித்திருக்கிறது.

ஜூன் 9

நுண்பாசி, பாக்டீரியா, வண்டல் எல்லாம் சேர்ந்த படலம் அது. எந்தக் குளத்திலும் கொஞ்சம் இருக்கும். உரமும் கழிவுநீரும் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் கொண்டுவந்து சேர்த்தால் தடிக்கும். வேர் ஊன்றிய செடிக்கு அடிவண்டலிலேயே சத்து கிடைத்துவிடும், தண்ணீரில் கூடுகிற சத்தால் அதற்குப் பெரிய லாபமில்லை. பாசிக்கோ தண்ணீரில் கரைந்திருப்பதுதான் சாப்பாடு. படலம் தடிக்கத் தடிக்க இலைக்கு வெளிச்சம் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு உள்ளே போவதும் மந்தமாகிறது.

பிலிப்ஸ், எமின்சன், மாஸ் மூவரும் 1978-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் சொல்கிறது. இலைமேல் படியும் பாசியும் இழைப்பாசியும் முதலில் செடியை நலிய வைக்கும். அது ஒடுங்கிய பிறகுதான் மிதக்கும் பாசி பெருகித் தண்ணீரைப் பச்சையாக்கும். குளம் பச்சையான பிறகு பதறுவது ரொம்பத் தாமதம். இலையைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 20

நல்ல மழை. வாய்க்கால் கலங்கலாக வந்து விழுந்தது.

ஜூலை 2

இழைப்பாசி செடிகளின் நுனியைப் பின்னிப் பிடித்திருக்கிறது. ஆனால் நத்தைகள் மண்டிக்கிடக்கும் மூலையில் இலைகள் சுத்தம்! நத்தை இலையைவிட அதன் மேலுள்ள பூச்சைத்தான் விரும்பிச் சுரண்டுகிறது. ஒரு இலையின் அடியிலிருந்து மேலே அது ஊர்ந்த தடம் முழுக்கப் பச்சைக் கோடு.

ஜூலை 11

மயில்துத்தம் போட்டுவிடலாம் என்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தாமிரம் பாசியோடு நத்தையையும் கொல்லும். நத்தையை ஒழிப்பதற்கென்றே அதைப் பயன்படுத்துவதும் உண்டு. அப்புறம், செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் தீரும். ஆக்சிஜன் இல்லாத வண்டலில் இரும்போடு பிணைந்து கிடந்த பாஸ்பரஸ் விடுபட்டு மறுபடி தண்ணீருக்கே வந்துவிடும்.

ஜூலை 25

தண்ணீர் பச்சை கட்டிவிட்டது. கயிற்றில் கட்டி இறக்கும் வெள்ளைத் தட்டு முன்பைவிடச் சீக்கிரம் மறைகிறது. வெளிச்சம் எட்டாத ஆழத்துச் செடிகள்தான் முதலில் போகும். வண்டல் கிளம்பாமல் காத்தவை அவை. பாசியைத் தின்னும் டாப்னியா என்ற சின்னஞ்சிறு நீர்உயிரி, மீனுக்குப் பயந்து பகலில் பதுங்குவதும் அவற்றுக்குள்தான். செடி போனால் இந்த இரண்டு காவலும் போகும். சத்து வரத்தைப் பிறகு குறைத்தாலும் குளம் உடனே தெளியாமல் போவது இதனால்தான். மனசு ஆறவில்லை.

ஆகஸ்ட் 3

1973-ல் கனடாவில் ஆய்வாளர்கள் ‘ஏரி 226’ என்ற ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் கலந்தார்கள். பச்சையானது பாஸ்பரஸ் விழுந்த பாதி. சரி, நம் வேலையும் வாய்க்கால் வாயில்தான். மழைக்கு முன் உரம் போடாதீர்கள், கரையோரம் புல்லை அகலமாக விடுங்கள் என்று மேல்பக்கத்தில் பயிர் செய்பவர்களிடம் கேட்கப் போகிறேன். பூச்சு படிந்த இலை ஒன்றையும் நத்தை சுரண்டிய இலை ஒன்றையும் கையோடு கொண்டு போகிறேன்.