முன்னெல்லாம் இப்படிப் பேச மாட்டியே

மூத்த மகன் பேருக்கு வீட்டை எழுதி வைக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார். வக்கீலாக நான் சொன்ன பதில் சட்டப்படி சரியானது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் நான் ஏதோ குற்ற உணர்ச்சியில் புலம்புகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் சீனியரிடம் கேட்டேன், அவரும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றார். அப்படியிருந்தும் அந்தப் பேச்சு என்னை விடமாட்டேன் என்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட, அந்த இடத்தில் வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த அம்மாவை எனக்குப் பழைய பழக்கம். சமூகப்பணி படித்துவிட்டு ஒரு சிறப்புப் பள்ளிக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தெரியும். அவருடைய இளைய மகளுக்கு அறிவுசார் குறைபாடு. மெடிக்கல் போர்டுக்கு அழைத்துப் போனது, அடையாள அட்டை வாங்கியது, உதவித்தொகை மனு எழுதியது எல்லாம் நான்தான். அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர். பிறகு ஏன் சட்டம் படித்தேன் என்றால், எந்த ஆபீஸுக்குப் போனாலும் "நீங்க யாரு, வக்கீலா?" என்று கேட்டு வாசலில் நிற்க வைத்தார்கள், அந்தக் கடுப்பில்தான். படித்து, பதிவு செய்து, கோட்டும் போட்டுக்கொண்டு வந்த பிறகு பார்த்தால், பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் 17-ஆம் பிரிவு, பிள்ளைகள் கவனிக்காத பெரியவர்கள் மனுக் கொடுக்கும், ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் யாருக்காகவும் ஆஜராகக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் இந்தத் தடை செல்லாது என்றது. ஆனால் எங்கள் பக்கத்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் கறுப்புக் கோட்டைப் பார்த்ததுமே 17-ஐ எடுத்து நீட்டுவார்கள். டீச்சராக இருந்தபோது அதே அறையில் பெரியவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் நான். சரி, இது வேறு கதை.

அன்றைக்கு மகன், அம்மா, தங்கை மூன்று பேரும் வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்). அம்மா மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் பாலிதீன் கவரில் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. மகன்தான் பேசினார். "எல்லாம் வீட்டுலயே பேசியாச்சு மேடம், செட்டில்மெண்ட் பத்திரம் மட்டும் நீங்க எழுதிக் கொடுத்துட்டா போதும்." குரலில் அதிகாரம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார். நான் அவரைக் கீழே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். எழுதிக்கொடுக்கிறவரிடம் தனியாகப் பேசாமல் நான் எந்தப் பத்திரமும் எழுதுவதில்லை. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனாலும் போனார். டீச்சராக இருந்திருந்தால் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் பேசியிருப்பேன். குடும்பத்தைப் பிரித்து உட்கார வைத்தால் எதுவும் சரியாகாது என்றுதான் அப்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அம்மாவிடம் மூன்று வழிகளைச் சொன்னேன். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் என்றால் இப்போதே வீடு கை மாறிவிடும், ஆனால் ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதலாம். அல்லது, என்னையும் மகளையும் இன்னின்னபடி பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து என்று நிபந்தனை போட்டு எழுதலாம். மூன்றாவதை நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை பார்க்காவிட்டால் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்டாமல் 23-ஐக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் அந்த ஒரு வரி இல்லாமல் எந்தப் பெரியவரையும் கையெழுத்துப் போட விடக் கூடாது என்று இருந்தேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மகன் இருந்தவரை நீங்க, வாங்க என்று பேசியவர், தனியாக ஆனதும் பழையபடி நீ என்று ஆரம்பித்தார்.

"அது கிடக்கட்டும். நீ என்ன சொல்றே?"

"முடிவு உங்களோடதும்மா. அதை நான் சொல்லக் கூடாது."

"முன்னெல்லாம் இப்படிப் பேச மாட்டியே."

இவ்வளவுதான் நடந்தது. அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்று அவர் மாமியார் அடம்பிடித்தபோது, நான் திண்ணையில் உட்கார்ந்து "அனுப்பித்தான் ஆகணும்" என்று ஒற்றைக் காலில் நின்றதை ஞாபகப்படுத்தினார். அன்றைக்கு யார் முடிவு, யார் உரிமை என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. இப்போது யோசிக்கிறேன், அதற்குத்தானே படித்தேன். ஒருவருடைய சொத்தில் "இப்படிச் செய்யுங்கள்" என்று வக்கீல் சொன்னால், நாளைக்கே அந்த மகன் "என் அம்மாவை இந்த வக்கீல் தூண்டிவிட்டார்" என்று மனுப் போடலாம், போட்டுமிருக்கிறார்கள், வேறொரு வழக்கில். ஆக, நான் அவருடைய சுதந்திரத்தை மதித்தேனா, என் தோலைக் காப்பாற்றிக்கொண்டேனா? இரண்டும்தான் என்று சொல்வது சுலபம். எது முதலில் வந்தது என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது.

நிபந்தனை வரியைப் படித்துக் காட்டியபோது அவர் கேட்டது இன்னொன்று: "பெத்த பிள்ளைகிட்ட ஸ்டாம்ப் பேப்பர்லயா சோறு கேக்கணும்?" "நீங்க கேக்கலம்மா, சட்டம் கேக்குது" என்றேன். வக்கீல்களுக்கு இப்படி ஏதாவது சட்டென்று வாயில் வந்துவிடும். அவர் பதிலே சொல்லவில்லை.

மகள் இதெல்லாம் நடக்கும்போது என் மேஜையில் இருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் முழுக்க ஊதா. நாற்பதை நெருங்குகிறாள், காதோரம் நரை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மற்ற எல்லோரையும் போலவே இவளுக்கும் சட்டத்தின் முன் சம தகுதி உண்டு என்கிறது. அதனால் கேட்டேன், அண்ணன் வீடு பிடிக்குமா என்று. "அண்ணன் டிவி பெருசு" என்றாள். அம்மா இல்லாட்டி யார்கூட இருப்பே என்றதற்கு விரலைத் தூக்கிக் காட்டினாள். அம்மா சிரித்துவிட்டு, முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டார். அந்த விரலைப் பதிலாக எடுத்துக்கொள்வதா, விளையாட்டாக எடுத்துக்கொள்வதா? சம தகுதி பற்றிக் கருத்தரங்கில் பேசுகிறவர்கள் யாராவது இதற்குப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

உண்மையில் எனக்குப் பயம் இவளைப் பற்றித்தான். 23-ஆம் பிரிவு, கொடுத்த முதியவருக்காக எழுதப்பட்டது. அம்மா போய்விட்டால் அந்தக் கதவைத் தட்ட ஆள் இல்லை. மகளுக்கு அறுபது வயது ஆகவில்லை, சொத்தைக் கொடுத்தவளும் இல்லை. முதியோருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ், மாற்றுத்திறனாளிக்கு வேறு ஆபீஸ், வேறு சட்டம், வேறு படிவம். வீட்டில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். அதனால்தான், மகளுக்கும் ஆயுள்கால உரிமையைத் தனியாக எழுதுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எழுதலாம் என்றுதான் சொன்னேன். எழுதுங்கள் என்று சொல்லவில்லை.

யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். கொஞ்ச காலம் கழித்து மகனைத் தற்செயலாகப் பார்த்தபோது, வேறு இடத்தில் பத்திர எழுத்தரிடம் எழுதி ரிஜிஸ்டர் ஆகிவிட்டது என்றார். நகலைக் காட்டினார். "அன்பின் காரணமாகவும் பாசத்தின் காரணமாகவும்" என்ற வழக்கமான வாசகம். நிபந்தனை இல்லை, குடியிருக்கும் உரிமை இல்லை, தங்கை பேரே இல்லை. நான் மட்டும் டீச்சராக இருந்து "இப்படி எழுதினால்தான் எழுது, இல்லாவிட்டால் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அம்மா கேட்டிருப்பார் என்று அன்று இரவு முழுக்க எனக்குத் தோன்றியது.

ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் என் கணக்கைக் கலைத்துவிட்டன. ஒன்று, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே வருஷம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும், அன்பு பாசம் என்று எழுதியிருந்தாலே பராமரிக்கும் நிபந்தனை அதில் அடக்கம் என்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னது. நான் அவ்வளவு வற்புறுத்திய வரி, அந்த அம்மா கூசிப்போன வரி, அது இல்லாமலும் வழக்கு நிற்கலாம் என்று ஆகிவிட்டது. இரண்டாவது, அந்த மகன் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். போய்ப் பார்த்தேன். கழிவறையில் கைப்பிடி போட்டிருக்கிறார், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை காலை, இரவு என்று டப்பாவில் பிரித்து வைத்திருக்கிறார், தங்கைக்குப் புதுக் கட்டில். அவரைக் கீழே டீ குடிக்க அனுப்பியபோது அவர் முகம் போன போக்கு இப்போது வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. அதற்காக, நல்ல பிள்ளை கிடைத்தால் நிபந்தனை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆர்.டி.ஓ. ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு பெரியவரும் என் பிள்ளை நல்ல பிள்ளை என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்தான்.

போன மாதம் அந்த மகன் போன் செய்தார். தங்கைக்குச் சட்டப்படி காப்பாளர் ஆக வேண்டுமாம். பதினெட்டு வயதுக்கு மேல் பெற்ற தாயே ஆனாலும் தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது, நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999-இன்படி கலெக்டர் தலைமையில் இருக்கும் மாவட்டக் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். இது தெரிந்தே கேட்டார். அம்மாவுக்கும் அதுதான் ஆசையாம். சந்தோஷமாக எழுதிக்கொடுத்திருக்க வேண்டியதுதான். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. நியமனமாகி ஆறு மாதத்துக்குள் தங்கையின் சொத்து, வரவேண்டியது, கடன் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும், அப்புறம் வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும் என்றேன். "என் தங்கச்சிக்கு நான் சோறு போட்டதுக்குக் கணக்கா மேடம்?" என்றார், அச்சு அசல் அவர் அம்மா குரல். அவரை ஆறுதல்படுத்த எதுவும் சொல்லவில்லை. கணக்கு எழுத ஒத்துக்கொண்டால்தான் மனு எழுதுவேன், அதற்கு முன்னால் தங்கையை அழைத்து வாருங்கள், நான் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன்.

"அவகிட்ட தனியா என்ன பேசப் போறீங்க?"

எனக்கும் தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். வியாழக்கிழமை வருகிறோம் என்றார்.