பிந்தானா, பாசிர் ரிஸ்ஸா? அதற்கு முன் பிள்ளை தூங்கும் நேரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினாலே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: கடற்கரைக்குப் போக எந்த ரிசார்ட் நல்லா இருக்கும்? ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது கடைசிக் கேள்வி. பிள்ளை பகலில் எத்தனை மணிக்குத் தூங்கும் என்பதுதான் முதலில். ஃபெரி, அறை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பின்னால் தானாக அமையும்.

வெயிலிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணி வாக்கில். காலை 11 முதல் 3 மணி வரை புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும். மேகம் மூடியிருந்தாலும் நம்ப முடியாது. அப்படியானால் பிள்ளையை மணலில் விடக் கிடைப்பது இரண்டே வேளை: காலை 7 முதல் 9.30 வரை, மாலை 4.30 முதல் இருட்டும் வரை. நடுவில் குளியல், சாப்பாடு, தூக்கம். ‘காசு கொடுத்து வந்தாச்சே’ என்று நடுப்பகலிலும் இறக்கிவிட்டால் மாலைக்குள் தோல் சிவந்து, தூக்கமும் கெட்டு, அடுத்த நாளும் போச்சு.

ஃபெரியில் போகும் இந்தோனேசியத் தீவான பிந்தானில் இந்தக் கணக்கு ஒரு மணி நேரம் நகரும். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். சூரியன் உதிப்பது, மறைவது இரண்டும் 6 மணி வாக்கில். கடும் வெயில் 10 முதல் 2 வரை. இங்கே 7 மணிக்கு எழும் பிள்ளை அங்கே 6 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதைத் திருத்த மெனக்கெட வேண்டாம். இரண்டு, மூன்று இரவுக்குப் பிள்ளையைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருப்பதுதான் நல்லது. எழுந்ததும் ஒரு வாழைப்பழமும் ரொட்டியும் கொடுத்துக் கடலுக்குக் கூட்டிப் போய், 8.30-க்குக் காலை உணவுக்கு வந்தால் கூட்டமும் வெயிலும் ஒரே சமயத்தில் தப்பும்.

ஃபெரி டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். பிந்தானில் மாலை 5.30-க்குக் கிளம்பினால் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், ஆனால் சிங்கப்பூரின் தானா மேரா ஃபெரி முனையத்தில் இறங்கும்போது கடிகாரம் 7.30 காட்டும். குடிநுழைவு, பெட்டி, டாக்சி வரிசை எல்லாம் முடித்து வீட்டுக் கதவைத் திறக்க 9 மணி ஆகலாம். மறுநாள் பாலர் பள்ளி இருந்தால் அதற்கு முந்தைய ஃபெரியை எடுங்கள். போகும்போதோ சிக்கல் வேறு. முதல் ஃபெரியில் போய்விட்டால் பல இடங்களில் பிற்பகல் 3 மணி வரை அறை கிடைக்காது. சிங்கப்பூர் கணக்கில் அது 4 மணி, பகல் தூக்க நேரம் தாண்டிவிடும். முற்பகல் ஃபெரி எடுத்து, அங்கே மதியச் சாப்பாட்டை முடித்து, சாயும் தள்ளுவண்டியில் தூங்க வைப்பது நடக்கிற காரியம். அந்த வண்டி மணலில் ஓடாது என்பதால் பிள்ளையைச் சுமக்கும் தூக்குப்பையும் வேண்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஆண்டிறுதி விடுமுறை நீளம் என்று பிந்தானுக்கும் மலேசியாவின் தேசாருவுக்கும் பதிவு செய்கிறவர்கள் அதிகம். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. பிந்தானின் வடகரையும் தேசாருவும் தென்சீனக் கடலைப் பார்த்திருப்பவை, அலை நேராக வந்து அடிக்கும். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் சின்னப் பிள்ளைக்குக் கணுக்கால் ஆழம்கூட வேண்டாம். அந்த மாதங்களில் போவதென்றால் குழந்தைகளுக்கான ஆழமற்ற நீச்சல்குளம் நன்றாக இருக்கும் இடமாகப் பாருங்கள். கடல் வெறும் காட்சிக்கு. ஃபெரியும் ஆடும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. பால் குடித்த கையோடு ஏற்ற வேண்டாம். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

இங்கேயே பாசிர் ரிஸ், சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட் போகிறவர்கள் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வீட்டில் தொங்கும் தினசரி நாள்காட்டியே பாதி வேலையைச் செய்யும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் மிக அதிகம், இறக்கத்தில் தண்ணீர் வெகுதூரம் போய்ச் சேறும் பாறையும்தான் மிஞ்சும். நண்டு பார்க்க அது நல்ல நேரம், குளிக்க அல்ல. காலில் செருப்பு போதாது, விரலை மூடிய ஷூ வேண்டும். முதுகில் நச்சு முள் உள்ள கல்மீன் மணலுக்குள் கல்லோடு கல்லாகக் கிடக்கும். தண்ணீரின் தரத்தைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சோதித்து வெளியிடுகிறது, அதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அலையில்லாத தண்ணீர்தான் முக்கியம் என்றால் செந்தோசா தீவில் தடுப்புக்குள் இருக்கும் கரைகள் முதல்முறைக்குப் போதும். ஒரு வயதுப் பிள்ளைக்காகக் கடல் தாண்டுவது பெற்றோரின் ஆசைக்குத்தான் (அதுவும் தப்பில்லை).

சன்ஸ்கிரீன் பூசுவதில் பெரும்பாலும் அளவுதான் குறைகிறது. எஸ்பிஎஃப் 50 போட்டும் கறுத்துப்போனால் மெல்லிசாகத் தடவியிருப்பார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே பெரியவருக்கு ஒரு டீஸ்பூன் வேண்டும். பிள்ளைக்கு அதில் பாதி. கிளம்ப 20 நிமிடம் முன்பே வீட்டில் பூசி, இரண்டு மணிக்கொரு முறையும் தண்ணீரிலிருந்து ஏறியதும் மீண்டும். காது மடல், பின்கழுத்து, பாதத்தின் மேற்புறம் இவைதான் விட்டுப்போகும். முழுக்கை நீச்சல் உடை போட்டால் பாதி உடம்புக்குப் பூச வேண்டியதே இல்லை. ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான். மணல் ஈக்கு மருந்து பூசுவதென்றால் சன்ஸ்கிரீனுக்கு மேல், கடைசியாக. விடியலிலும் அந்தியிலும்தான் அவை மொய்க்கும். கடித்த இடத்தைச் சொறியவிட்டால் வாரக்கணக்கில் தழும்பு நிற்கும்.

நீச்சல் உடை நீலமோ வெள்ளையோ வேண்டாம், தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை வாங்குங்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டை விளையாட்டுச் சாமான், உயிர் காக்காது. நாலு பெரியவர்கள் கரையில் இருக்கும்போதுதான் ‘நீ பார்ப்பேன்னு நினைச்சேன்’ நடக்கும். 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்; அந்த 15 நிமிடம் கைப்பேசி பைக்குள். முங்கும் பிள்ளை கத்தாது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுதான் காவல். நீச்சல் பேம்பர்ஸ் சிறுநீரைத் தாங்காது, மலத்தை மட்டும்தான். காரில் உட்காரும்முன் சாதாரணத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு நம் வழி வசதியானது. பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, காரமில்லாத புளியோதரை இரண்டும் காலையில் கட்டினால் மதியம் வரை தாங்கும். தயிர் சாதத்துக்குப் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள், சாப்பிடும் நேரத்துக்குத்தான் உறையும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். பால்பவுடர் குடிக்கும் குழந்தைக்கு வெந்நீர் ஃபிளாஸ்க் தனியாக, பவுடர் தனியாக. முன்பே கலந்து எடுத்துப் போனால் இந்தச் சூட்டில் கெட்டுவிடும். பிந்தானில் குழாய்த் தண்ணீரைப் பல் துலக்கக்கூடக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஆவணங்கள். கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்), ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இந்தியக் கடப்பிதழில் இந்தோனேசிய விசா எடுக்க வேண்டியிருந்தால் பிள்ளைக்கும் கட்டணம் உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் கூட்டிப்போவதாக இருந்தால், அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகைதானா என்று பதிவு செய்யும்முன் பாருங்கள். ஒருமுறை வகையாக இருந்தால் திரும்பும்போது பிந்தானில் ஃபெரி ஏறவே விடமாட்டார்கள், அதற்குள் ரிசார்ட் பணமும் திரும்ப வராது.