மீட் ஏரிக்கரையில் கூடாரம்

கொலராடோ ஆற்றின் குறுக்கே 1935-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹூவர் அணையால் நெவாடா, அரிசோனா பாலை நிலத்தில் உருவான மீட் ஏரிக்குச் சென்று தங்க விரும்பும் நண்பர்கள், பகலில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கோடையைத் தவிர்த்து, குளிர்காலத்தில் செல்லுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் போல்டர் பீச் முகாமில் தங்கினோம். அங்கே கரையில் மணலைவிடக் கூழாங்கற்களே அதிகம் என்பதால், தண்ணீரில் இறங்கத் தடித்த அடியுள்ள செருப்பு அவசியம். ஏரியைச் சூழ்ந்த பாறைகளில் பழைய நீர்மட்டத்தைக் காட்டும் வெள்ளைப் பட்டை, நீரிலிருந்த கனிமங்கள் படிந்து உண்டானது; லாஸ் வேகாஸ் நகரம் குடிநீருக்குப் பெரிதும் நம்பியிருக்கும் இந்த ஏரி, 2022 ஜூலையில் 1937-க்குப் பிறகு காணாத அளவுக்குத் தாழ்ந்தது என்பதை அறிந்து அதைப் பார்க்கையில் மனம் கனத்துப் போகிறது.

காற்று திடீரென வலுத்து அலை எழுப்பும் ஏரி இது; நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் (குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்) மிதவைச் சட்டை அணிந்தே இறங்க வேண்டும். சொந்தப் படகு கொண்டு செல்வோர், இங்கே பெருகிவிட்ட குவாகா சிப்பிகள் வேறு ஏரிகளுக்குப் பரவாதிருக்க, படகைக் கழுவி, நீரை முழுவதும் வடித்து, உலர்த்திய பிறகே எடுத்துச் செல்லுங்கள்.