சூடானால் நிற்கிறது

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கியது. அம்மாவை வத்தலக்குண்டில் சித்தி வீட்டில் விடுவதற்காகக் காலை பத்தரைக்குக் காரில் கிளம்பினோம். திண்டுக்கல்லைத் தாண்டி அரை மணி நேரம் அருமையாக ஓடிய வண்டி, செம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு தடவை திக்கியது. அப்புறம் நின்றுவிட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை, ஹீட் மீட்டர் முள்ளும் நடுவில்தான் இருந்தது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் பிடிக்கவில்லை.

புளியமர நிழலுக்குத் தள்ளிப் போட்டோம். டீ குடிக்க நிறுத்தியிருந்த லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏசி பம்ப் சூடாயிருச்சு சார், ஈரத் துணியைச் சுத்துங்க" என்றார். ஏசி பம்ப் என்றால் குளிர்சாதனம் இல்லை, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப். அம்மாவின் துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றினேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒரே அடியில் பிடித்துக்கொண்டது.

இது அப்பாவின் வண்டி. 1986 அம்பாசிடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அவர் கையிலும் சரி, என் கையிலும் சரி, அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது நடுவழியில் நின்றதே இல்லை. அம்மா அந்த வெயில் வேளையில் உட்கார்ந்திருந்தது மனதைப் பிசைகிறது.

மே 6, செவ்வாய்

லாரிக்காரர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது. அந்தச் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியானால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும், கார்புரேட்டருக்கு ஒன்றும் போகாது. போதாததற்கு இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். பழையதை மடக்கிப் பார்த்தால் உள்பக்கம் வெடித்து, விரலில் கரி ஒட்டியது. எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுவினேன். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படி நிற்கும். ஊதிப் பார்த்தேன், அடைப்பு இல்லை.

கரண்டு பக்கம் போகவில்லை. போன மாதம்தான் பிளக், சிபி பாயிண்ட் (பொறிக்கான கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்), அதற்குத் துணையான கண்டென்சர் எல்லாம் புதிதாகப் போட்டு டியூனிங் செய்தேன்.

மே 9, வெள்ளி

மறுபடியும் நின்றது. இந்தத் தடவை பைபாஸில். உடனே ஈரத் துணி சுற்றினேன். ஐந்து நிமிடத்தில் பம்ப் தொட்டால் ஜில்லென்று இருந்தது, வண்டி பிடிக்கவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், ஊஹும். நாற்பதாவது நிமிடம் பிடித்தது.

பம்ப்தான் குளிர்ந்துவிட்டதே, பிறகு எதற்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம்?

மே 10, சனி

வேண்டுமென்றே அதே நேரத்தில் அதே ரோட்டில் ஓட்டினேன். நின்றது. துணியே போடாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திரண்டு நிமிடம். துணியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது காய்கிற நேரத்தில் வேறு ஏதோ ஒன்று ஆறியிருக்கிறது.

மே 11, ஞாயிறு

அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் போனேன். இப்போது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை.

"ஓடுற வண்டிய எங்கிட்டக் கொண்டாந்து என்ன தம்பி செய்ய? நின்ன இடத்துல, அந்தச் சூட்டோட பாக்கணும். ஆறிருச்சுன்னா அது ஒண்ணும் சொல்லாது. மொதல்ல பெட்ரோலா கரண்டான்னு பிரிங்க. அதுக்கு முன்னாடி ஒரு சாமானும் மாத்தாதீங்க."

இதைக் கேட்கத்தான் போயிருக்கிறேன் என்று திரும்பி வரும்போது தோன்றியது. அவர் தன்னிடமிருந்த நல்ல இக்னிஷன் காயில் (பேட்டரி கரண்டைப் பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டாக மாற்றுவது) ஒன்றையும் இரவலாகக் கொடுத்தார்.

மே 13, செவ்வாய்

டிக்கியில் டெஸ்ட் லேம்ப், உபரி பிளக், கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் பிடி போட்ட குறடு, பாயின் காயில். பதினொன்றரைக்குக் கிளம்பி, பன்னிரண்டு பத்துக்கு நின்றது. இவ்வளவு ஆவலாக நான் இதற்கு முன் எதற்கும் காத்திருந்ததில்லை.

முதலில் பெட்ரோல். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி பாட்டிலில் விட்டு, அம்மாவின் தம்பி மகனை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்று முழுதாக வந்து விழுந்தது. குழாயை மாட்டி, பாட்டிலை மூடி, தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அடுத்து நெருப்புப் பொறி பார்க்கப் போகிறோம், பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது.

இப்போது கரண்டு. உபரி பிளக்கை வயரில் மாட்டி இன்ஜின் தலையில் சாய்த்து வைத்து, கையால் நிழல் கட்டிக்கொண்டு பார்த்தேன். ஆரோக்கியமான பொறி நீலமாக, பட் பட் என்று அடிக்கும். இங்கே மஞ்சளாக ஒரு நூல், அதுவும் இரண்டு தடவைக்கு ஒரு தடவை. நோய் கரண்டு பக்கம்தான்.

காயிலில் சாவி வழியாகக் கரண்டு வரும் எஸ்டபிள்யூ முனையில் லேம்ப் நன்றாக எரிந்தது, அதாவது பேட்டரி கரண்டு வருகிறது. பாயிண்டுக்குப் போகும் சிபி முனையில் வைத்து செல்ஃப் அடித்தால் விட்டு விட்டு எரிந்தது, அதாவது பாயிண்ட் திறந்து மூடுகிறது. காயிலின் நடு வயரைக் குறடால் பிடித்து நேராக இன்ஜின் உடம்புக்குக் காட்டினேன். அங்கேயும் அதே மஞ்சள் நூல். ஆக, அதற்கு அப்புறம் கரண்டைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும் ரோட்டரும் குற்றவாளிகள் இல்லை. காயில் கையே வைக்க முடியாமல் கொதித்தது. ஆள் அகப்பட்டுவிட்டது என்று நினைத்து, பாயின் காயிலை மாட்டினேன்.

அதே மஞ்சள் நூல்.

மே 14, புதன்

இரவெல்லாம் இதே யோசனை. பெட்ரோல் வருகிறது, பேட்டரி கரண்டு வருகிறது, பாயிண்ட் வேலை செய்கிறது, காயில் நல்லது. மிச்சம் இருப்பது பாயிண்ட் பக்கத்தில் ஒரே திருகில் உட்கார்ந்திருக்கும் கண்டென்சர். அதைத்தான் புதிது என்று எண்ணி விட்டிருந்தேன்.

பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் காயிலில் ஓடும் கரண்டு சட்டென்று அறுபட வேண்டும். அறுபட்டால்தான் உள்ளே இருக்கும் காந்தப்புலம் சரிந்து, பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். கண்டென்சர் இல்லாவிட்டால் கரண்டு அறுபடாமல் பாயிண்டின் இடைவெளியையே தாண்டிக் குதிக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது இந்த வேலை நொடிக்கு 100 தடவை நடக்கிறது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத டப்பா அது.

அப்பாவின் பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்தேன். வாஷர், ஃபியூஸ், பழைய ரோட்டர், இவற்றுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய கண்டென்சர் ஒன்று. காகிதத்தின் மேல் அவர் கையெழுத்து: "கழற்றியது 2004. நல்லது."

மத்தியானம் அதே ரோடு. நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, சாவியைப் போட்டு, மூடிய பாயிண்டை மரக் குச்சியால் மெல்லத் தள்ளித் திறந்தேன். வெல்டிங் வைத்த மாதிரி ஒரு நீல வெளிச்சம் பளீரென்று தெறித்தது. பாயிண்ட் முகம் இரண்டும் போட்டு ஒரு மாதத்தில் கறுத்துக் குழி விழுந்திருந்தது.

ஒன்றையும் கழற்றவில்லை. அப்பாவின் கண்டென்சரின் வயரைக் காயிலின் சிபி முனையில் சேர்த்து, அதன் உடம்பை ஒரு போல்ட்டில் அழுத்திக் கட்டினேன். மறுபடி குச்சியால் தள்ளினேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். மூடியை மாட்டி செல்ஃப் அடித்தேன். அரைச் சுற்றில் பிடித்தது. வண்டி நின்று எட்டு நிமிடம்கூட ஆகவில்லை, பானட்டுக்குள் அனல் அப்படியே இருந்தது. ரோட்டோரத்தில் நின்று கண் கலங்கிவிட்டேன்.

மே 15, வியாழன்

கண்டென்சரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 0.21 மைக்ரோஃபாரட். அச்சு அசலாக நல்ல கணக்கு. பட்டறை மேசையில் வைத்துப் பார்க்கும் யாரும் இதை நல்லது என்றுதான் சொல்வார்கள்.

அம்மா கடலை வறுக்கும் இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி அடுப்பில் வைத்தேன். ஒரு துளி தண்ணீர் விட்டால் சீறக் கூடாது, அந்த அளவுச் சூடு போதும். மீட்டர் கிளிப்பைக் கவ்வ வைத்து, கண்டென்சரை மணலுக்குள் புதைத்தேன். 0.21, 0.21, 0.22. நான்கைந்து நிமிடம் கழித்து எண் குதிக்க ஆரம்பித்தது. 0.09. 0.17. அப்புறம் சைபர். மணலிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தேன், ஆறியதும் மறுபடி 0.21. உள்ளே சுருட்டிய தகட்டுக்கும் வயருக்கும் இடையே உள்ள தொடர்பு சூட்டில் விட்டுப்போகிறது. அப்பாவின் கண்டென்சரையும் புதைத்தேன். பத்து நிமிடம் ஆகியும் அசையவில்லை.

"இதுக்காப்பா என்னைய வெயில்ல உக்கார வச்ச?" என்று அந்தச் சின்ன டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அம்மா.

மே 18, ஞாயிறு

புது பாயிண்ட் போட்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, இடைவெளி பிடித்தேன். அப்பாவின் கண்டென்சர்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. உபரிக்கு வேறு கடையில் இரண்டு வாங்கி, இரண்டையும் மணலில் வறுத்துப் பார்த்தேன். ஒன்று தேறியது, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணி வெயிலில் அம்மாவோடு கிளம்பி, செம்பட்டியில் இளநீர் குடிக்க மட்டும் நிறுத்தினோம். திரும்ப ஒரே அடியில் பிடித்தது. வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்து, சித்தி வீட்டில் சாப்பிட்டு, சாயங்காலம் வழியில் பாயிடம் காயிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வறுத்துப் பார்த்த கதையை மகனையும் கூப்பிட்டு உட்கார வைத்து இரண்டாம் தடவை கேட்டார்.

தேறிய புது கண்டென்சரைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே "மே 2025. சூட்டில் பார்த்தது. நல்லது" என்று எழுதிப் பிஸ்கட் டப்பாவில் போட்டிருக்கிறேன்.