கதவு நிலையை எந்தப் பெட்டியில் கட்டுவது?

நாளை மறுநாள் மேற்கு மாம்பலத்திலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறுகிறோம். 11 வருடம் இருந்த வீடு. "ஆனி அடி எடுக்காதே, கூனி குடி போகாதே" என்று அம்மா விடாமல் சொல்ல, அதற்கப்புறம் ஆடி வேறு வந்துவிடும் என்பதால், வைகாசி முடிவதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும்.

மளிகைக்கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டிகள்தான் கூடம் முழுக்க. வீடு மாறப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், புத்தகங்களைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், தூக்கும்போது அடி பிய்ந்துவிடும், சோப்பு வரும் சின்னப் பெட்டிதான் சரி. பீங்கான் தட்டுகளைப் படுக்க வைக்காமல், நடுநடுவே செய்தித்தாள் கொடுத்து நிறுத்தி அடுக்குங்கள். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து ஐஸ் வடிய விடுங்கள்.

சமையலறையில்தான் கை நின்றுவிட்டது. பாட்டியின் பித்தளை அஞ்சறைப்பெட்டி. எத்தனை முறை புளி போட்டுத் தேய்த்தும், மஞ்சள்தூள் கிண்ணத்தின் விளிம்பில் அந்த நிறம் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்தால் சீரகமும் பெருங்காயமும் கலந்த அதே வாசனை. அதை லாரியில் ஏற்ற மனசு வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டுதான் போகப்போகிறேன். உப்பு, மஞ்சள், காமாட்சி விளக்கு எல்லாம் அம்மாவின் பையில் தனியாக.

அப்புறம் படுக்கையறைக் கதவு நிலை. பையனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் போட்ட கோடுகள். இஞ்ச் டேப் வைத்து ஒவ்வொன்றாக அளந்து தாளில் எழுதிக்கொண்டேன். முதல் கோடு 74 செ.மீ.