நண்பகலில் இறங்கி நள்ளிரவில் ஏறிய தொட்டி

பதினொரு நாளாக என் தோட்டத்துத் தொட்டி என்னை முட்டாளாக்கிக்கொண்டிருந்தது. யாரும் வால்வைத் திறக்கவில்லை, மோட்டாரும் ஓடவில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேல் மட்டம் இறங்கத் தொடங்கும். இரண்டு மணிக்குப் பார்த்தால் 28 சென்டிமீட்டர் குறைந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் தானாகவே ஏறிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். நள்ளிரவில் அதற்கும் மேலே போகும். 2 மீட்டர் விட்டமுள்ள தொட்டி அது, ஒரு சென்டிமீட்டருக்கு 31 லிட்டர். அதாவது தினமும் ஏறக்குறைய 880 லிட்டர் எங்கோ போய்விட்டு இருட்டியதும் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. நேற்றுதான் திருடனைப் பிடித்தேன்.

தொட்டியின் மட்டத்தை அளந்து திரையில் காட்ட நானே ஒரு கருவி செய்திருக்கிறேன், இறங்கி ஏறியதெல்லாம் அதன் கணக்கில்தான். அதில் முதலில் வைத்த, எதிரொலியால் தூரம் அளக்கும் மீயொலி சென்சாரைக் கைவிட்ட கதையை நீட்டப் போவதில்லை. மூடிக்கு அடியில் ஈரம் வியர்த்து, அதன் முகத்தில் ஒரு சொட்டு தொங்கினால் போதும், பிறகு அது சொல்வதெல்லாம் கட்டுக்கதைதான். தண்ணீர் 25 சென்டிமீட்டருக்குள் நெருங்கிவிட்டால் கண்ணும் தெரியாது. அதனால் தண்ணீரில் மூழ்கும் அழுத்த சென்சாருக்கு மாறினேன்: 0 முதல் 5 மீட்டர் ஆழத்தை 4 முதல் 20 மில்லியாம்பியர் மின்னோட்டமாகத் தருவது. 150 ஓம் மின்தடையின் குறுக்கே அளந்தால் சென்டிமீட்டருக்கு 4.8 மில்லிவோல்ட் கிடைக்கிறது. கருவியின் மூளையான ஈஎஸ்பி32 சில்லுக்குள் இருக்கும் ஏடிசியை, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதியை, இதற்கு நம்பாதீர்கள். அதன் நடுக்கமே இதைவிடப் பெரிது. அதே வேலையைத் துல்லியமாகச் செய்யும் ஏடிஎஸ்1115 என்ற தனிச் சில்லைப் போட்டபின் வரைபடக் கோடு நூல் பிடித்தாற்போல் வந்தது. அந்த அழகைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். குதிக்கிற அளவைச் சந்தேகிக்கத் தோன்றும், வழுக்கிக்கொண்டு இறங்குகிற அளவைச் சந்தேகிக்கத் தோன்றாது.

முதலில் பேட்டரியைக் குற்றம் சாட்டினேன். பிறகு மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு பலகையை மாற்றினேன். தண்ணீரின் அடர்த்தி வெயிலில் மாறுகிறதோ என்று கணக்குப் போட்டேன். 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடானாலும், இரண்டு மீட்டர் தண்ணீரில் அதன் பங்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இதற்கிடையில் ஒரு மிதவையில் நூலைக் கட்டித் தொட்டிக்குள் விட்டு, நூலில் மையால் குறி வைத்தேன். மதியம் இரண்டு மணிக்கு நூல் அசையவே இல்லை, திரையில் மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு சாதாரண மின்தடையைச் செருகி ஒரு நாள் முழுக்க விட்டேன். கோடு நேராக வந்தது. சர்க்யூட் உத்தமம், கோளாறு சென்சாரிலோ அதன் கேபிளிலோதான்.

கடைசியில் துப்புக் கொடுத்தது ஒரு சாக்கு. நண்பகலில் அளவை வினாடிக்கு ஒருமுறை காட்டும்படி மாற்றிவிட்டு, தொட்டிக்கு வெளியே வெயிலில் கிடந்த மூன்றரை மீட்டர் கருப்புக் கேபிளின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினேன். இரண்டு நிமிடத்தில் மட்டம் ஏற ஆரம்பித்தது. சாக்கை எடுத்தேன், இறங்கியது. மறுபடி போர்த்தினேன், ஏறியது. குழந்தைபோல் அரைமணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன்.

அந்தக் கேபிளுக்குள் இரண்டு கம்பிகளோடு ஒரு மெல்லிய வெள்ளைக் குழாயும் வருகிறது. இணைப்புப் போட்ட அன்று அதை வெறும் நிரப்பு இழை என்று நினைத்து, பசை தடவிய சுருங்கும் உறைக்குள் வைத்து, சூடு காட்டி அடைத்துவிட்டேன். விற்றவர் கொடுத்த அரைப்பக்கத் தாளில் குழாயைப் பற்றி ஒரு வரி கிடையாது. ‘நீர் உள்ளே புகாதபடி இணைக்கவும்’ என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. நானும் கீழ்ப்படிந்தேன்!

சென்சாரின் தகடு தண்ணீரின் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. அந்தக் காற்று வந்து போகும் மூக்குதான் அந்தக் குழாய். மூக்கை அடைத்தால் உள்ளே சிக்கிய காற்று வெயிலில் விரியப் பார்த்து, தகட்டைப் பின்னாலிருந்து தள்ளும். காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். 27 டிகிரியில், அதாவது 300 கெல்வினில், அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானால் அழுத்தம் முந்நூறில் ஒரு பங்கு கூடும். அதுவே மூன்றரை சென்டிமீட்டர் தண்ணீர்! கேபிள் முழுவதும் சராசரியாக எட்டு டிகிரி ஏறினால் என் 28 சென்டிமீட்டர் கணக்குச் சரியாகிவிடுகிறது. நான் உறையை அடைத்ததும் மாலையில், அளவுகோலோடு ஒத்துப் பார்த்ததும் தினமும் மாலையில். அந்த ஒரு வேளையில்தான் அது உண்மை பேசியது.

கத்தரியால் உறையை நறுக்கியதும் அளவு ஒரே தாவலில் 26 சென்டிமீட்டர் மேலே போய் நின்றது. நூலில் இருந்த மைக்குறியோடு ஒத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம்.

ஆனால் குழாயைத் திறந்துபோட்டால் ஈரக்காற்று உள்ளே போய்த் தகட்டின் பின்னால் வியர்க்கும். ஆகவே குழாயின் நுனியைச் சர்க்யூட் இருக்கும் பெட்டிக்குள்ளேயே முடித்து, பெட்டியில் காற்றை மட்டும் விடும் சவ்வு அடைப்பான் ஒன்றைத் திருகி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்திருக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். இந்த அடைப்பான் வாங்கும்போது கவனம்: வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே சவ்வே இல்லாத வெறும் மூடி ஒன்று எனக்கு வந்தது. வாயில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அளவை அனுப்புவது லோரா என்ற தொலைதூர ரேடியோ. அதில் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (கூட்டினால் செய்தி மெதுவாக, ஆனால் அதிகத் தூரம் போகும்) 7 வைத்தபோது மரங்களைத் தாண்டுவதற்குள் பாதிச் செய்தி தொலைந்தது. 10-க்கு மாற்றியபின் ஒன்றும் தவறவில்லை. பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது, போகட்டும். அடுத்து மோட்டாரைத் தானாக நிறுத்தும் ரிலே. அதற்கான பலகையைக்கூட வாங்கி வைத்துவிட்டேன். பெட்டி இன்னும் தொட்டியின் கழுத்தில் கட்டுக்கம்பியில்தான் தொங்குகிறது என்பதை யாரும் கேட்க வேண்டாம்.

இன்று மதியம் கோடு நேராக இருந்தது. ஏறக்குறைய நேராக. விடியலிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, நூலும் அதையேதான் சொல்கிறது. அடி வால்வின் கீழே மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருக்கிறது.