அழுத்தியதும் பேச வேண்டும்

2024 மார்ச் 4, திங்கள்

ஓர் அறக்கட்டளையின் சொற்பொழிவுப் பக்கத்தைச் சீரமைக்கும் வேலை கைக்கு வந்திருக்கிறது. கம்பராமாயணம், பெரியபுராணம், திருவாசகம் என்று ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேச்சுகள்; எல்லாம் எம்பி3 கோப்புகள். தலைப்பை அழுத்தினால் உலாவி பக்கத்தையே விட்டு வெளியேறி, கறுப்புத் திரையின் நடுவில் ஒலிப்பட்டை ஒன்றை மட்டும் காட்டுகிறது. பேசுகிறவர் யார், அடுத்த பேச்சு எது, ஒன்றும் தெரியாது. பட்டியலைப் பார்க்கப் பின்னால் போனால் பேச்சு நின்றுவிடும்.

செயலாளர் தொலைபேசியில் சொன்னார்: “தம்பி, கேட்பவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். திரை கறுத்தால் செல்பேசி கெட்டுப்போய்விட்டது என்று அணைத்துவிடுகிறார்கள்.” இவ்வளவு தெளிவான பிழை அறிக்கையை எந்தப் பெரிய நிறுவனமும் எனக்கு அனுப்பியதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

இணைப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் இயங்கும் பொத்தான்களாக மாற்றிவிடு என்றான் நண்பன். மாட்டேன். இணைப்பு என்பது உலாவி இலவசமாகத் தரும் பெரிய வசதி. நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் சேமிக்கலாம், முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், கன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் புதிய தாவலில் திறக்கும். நிரல் வந்து சேராத மோசமான சிக்னலிலும் வேலை செய்யும். பொத்தானாக மாற்றிய நொடியே இவ்வளவும் போய்விடும். பிறகு ஒவ்வொன்றையும் நாமே எழுத வேண்டும், எழுதவும் மாட்டோம்.

ஆகவே முகவரி அப்படியே இருக்கும். வெறும் சொடுக்கை மட்டும் நிரல் இடைமறித்து, அந்தப் பக்கத்திலேயே ஒலிக்கச் செய்யும். கன்ட்ரோல், ஷிஃப்ட், மேக்கில் கமாண்ட், இவற்றில் ஏதாவது அழுந்தியிருந்தால் தலையிடாமல் விலகிவிடும்.

மார்ச் 7, வியாழன்

நாள் முழுவதும் வழங்கியோடு, அதாவது கோப்புகளை அனுப்பித் தரும் கணினியோடு, மல்லுக்கட்டு. ஐபோனில் ஒரு பேச்சும் ஒலிக்கவில்லை. ஆண்ட்ராய்டில் ஒலிக்கிறது, ஆனால் பட்டையை நடுவுக்கு இழுத்தால் போக மறுக்கிறது.

காரணம், உலாவி கேட்கும்போதெல்லாம் வழங்கி திருப்பிச் சொல்லும் பதில் எண்ணில் இருந்தது. பதிவிறக்கங்களை எண்ணுவதற்காக யாரோ எழுதிய பழைய பிஎச்பி நிரல் வழியாகத்தான் எல்லாக் கோப்புகளும் போகின்றன. “இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு” என்று உலாவி கேட்டால், முறைப்படி வழங்கி 206 என்ற எண்ணோடு அந்தத் துண்டை மட்டும் தர வேண்டும். இந்த நிரலோ எதைக் கேட்டாலும் 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் தூக்கிக் கொடுக்கிறது. துண்டாகத் தராத வழங்கியை ஐபோனின் உலாவியான சஃபாரி ஏற்பதில்லை. ஆப்பிள் தன் ஆவணத்திலேயே இதை நிபந்தனையாக எழுதியிருக்கிறது. நிரலை ஒதுக்கிவிட்டுக் கோப்புகளை வழங்கி மென்பொருளான அப்பாச்சியே நேரடியாகத் தரும்படி செய்தேன். உடனே 206.

நொடிக்கு 64 கிலோபிட் என்ற வீதத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 28.8 மெகாபைட் ஆகும். கேட்பவர் அழுத்தாத வரை அதில் ஒரு பைட்கூட இறங்கக் கூடாது. பக்கம் முழுவதற்கும் ஒரே ஓர் ஆடியோ உறுப்பு, முன்கூட்டியே இறக்குவதைக் குறிக்கும் ‘பிரீலோட்’ அமைப்பை ‘நன்’ (வேண்டாம்) என்று வைத்தாயிற்று.

மார்ச் 12, செவ்வாய்

பக்கத்தின் மறுமொழி வேகத்தை அளக்க கூகுள் இதுவரை வைத்திருந்த எஃப்.ஐ.டி. (ஃபர்ஸ்ட் இன்புட் டிலே) என்ற அளவை இன்று விடைபெற்று, ஐ.என்.பி. (இன்டராக்‌ஷன் டு நெக்ஸ்ட் பெயின்ட்) அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. பழையது முதல் அழுத்தலை மட்டும் பார்த்தது. அதிலும் நிரல் தொடங்கும்வரையிலான காத்திருப்பை மட்டும். புதியது பக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும் ஒவ்வொரு சொடுக்கையும் தொடுதலையும் விசையழுத்தலையும் கவனிக்கிறது. அழுத்தியதிலிருந்து திரை அடுத்த முறை மாறும்வரை அளக்கிறது. 200 மில்லிநொடிக்குள் என்றால் நல்லது, 500 தாண்டினால் மோசம்.

இது எனக்குப் பிடித்த அளவை. ஒலி 200 மில்லிநொடிக்குள் வர வேண்டும் என்று அது கேட்கவில்லை. கிராமத்து சிக்னலில் அது நடக்கவும் நடக்காது. கூட்டமான மளிகைக் கடையில் “இதோ வருகிறேன்” என்று ஒரு குரல் வந்தால் நிற்க மாட்டோமா, அது போதும். பதில் வராத பொத்தானைத்தான் மக்கள் மீண்டும் மீண்டும் குத்துகிறார்கள். இரண்டாவது குத்து பேச்சை நிறுத்திவிடுகிறது.

வரிசையை இப்படி அமைத்தேன். விரல் பட்டதும் அந்த வரியின் நிறம் மாறி ‘வருகிறது…’ என்று எழுத்து தோன்றும். அதே தொடுதலுக்குள் ஒலியைத் தொடங்கும் கட்டளையும் போய்விடும். தள்ளிப்போட்டால் இது பயனர் கேட்டது இல்லை என்று ஐபோன் மறுத்துவிடலாம். கேட்டோர் கணக்கு முதலிய சில்லறை வேலைகள் திரை மாறிய பிறகு.

‘பிளே’, ‘பிளேயிங்’ என்று இரண்டு நிகழ்வுகள் உண்டு. முன்னது கட்டளை ஏற்கப்பட்டதற்கு, பின்னது உண்மையில் ஒலி வரத் தொடங்கியதற்கு. பல தளங்கள் முன்னதை நம்பி, ஒலியே வராமல் ‘ஒலிக்கிறது’ என்று காட்டுகின்றன. நான் பின்னதற்குக் காத்திருக்கிறேன். நடுவில் தரவு தீர்ந்து ‘வெயிட்டிங்’ வந்தால் எழுத்து மறுபடி ‘வருகிறது…’ ஆகும்.

மார்ச் 15, வெள்ளி

காணொளிகள். யூடியூப் சட்டகங்களை, அதாவது பக்கத்துக்குள்ளேயே காணொளியைக் காட்டும் பெட்டிகளை, வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். யாரும் எதையும் பார்க்காதபோதே ஒவ்வொன்றும் தன் நிரல் மூட்டையை இறக்குகிறது. சட்டகத்துக்குப் பதில் ஒரு படமும் அதன்மேல் முக்கோணமும் மட்டும் வைத்து, அழுத்திய பிறகு உண்மையான சட்டகத்தைக் கொண்டுவருவது தெரிந்த உத்திதான். பால் ஐரிஷ் எழுதிய ‘லைட் யூடியூப் எம்பெட்’ இதைச் செய்கிறது. சுட்டி மேலே வந்ததுமே யூடியூபோடு தொடர்பைத் தொடங்கி வைத்துவிடுகிறது.

செல்பேசிகளில் ஒரு வம்பு உண்டு: முதல் தொடுதல் சட்டகத்தைக் கொண்டுவரும், ஓட வைக்க இன்னொரு தொடுதல் தேவைப்படும். முதியவர்களுக்கான பக்கத்தில் அது ஆகாது. அந்த நிரல் யூடியூபின் சொந்த இயக்கி நிரலை வரவழைத்து இதைச் சமாளிக்கிறது. கொஞ்சம் கனம் கூடும், கூடட்டும்.

மார்ச் 18, திங்கள்

பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ திரை வாசிப்பானில் பக்கத்தைக் கேட்டேன். இணைப்புப் பட்டியலில் “கேட்க, கேட்க, கேட்க”. எதைக் கேட்க? ஒவ்வொன்றிலும் பேச்சின் தலைப்பைச் சேர்த்தாயிற்று. ஓடும் நேரத்தை அறிவிப்புப் பகுதியில், அதாவது மாறும்போதெல்லாம் வாசிப்பான் தானே படிக்கும் இடத்தில், வைக்கவே கூடாது. பேச்சுக்கு மேல் வாசிப்பான் நொடிகளை எண்ணிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 21, வியாழன்

செயலாளர் புதிதாக ஒன்று கேட்டார்: “வாலி வதைப் படலம் பேசுகிற இடத்துக்கே நேராகப் போக முடியுமா?” முடியும். ஊடக முகவரியின் வாலில் நொடியைக் குறிக்கும் முறையை, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2012இலேயே பரிந்துரையாக்கியது. 32 நிமிடம் 15 நொடி என்றால் 1935. வழங்கி 206 தருவதால் முன்பகுதியை இறக்காமலே அந்த இடத்துக்குத் தாவுகிறது.

ஆனால் பழைய பதிவுகள் சில மாறும் பிட் வீதத்தில் (நொடிக்கு இத்தனை பிட் என்று நிலையாக இல்லாமல்) இருக்கின்றன; அவற்றில் உலாவியின் நொடிக் கணக்கு சற்று வழுக்கி, சுக்ரீவன் பேச்சின் நடுவில் போய் விழுகிறது. அவற்றை மட்டும் நிலையான வீதத்துக்கு மாற்ற வேண்டும். இரவில் கணினியை ஓடவிட்டிருக்கிறேன்.